நோர்வே சேர்வரின் சாளரங்கள் வெள்ளவத்தைத் திரையில்: இலவசமாகப் பாவித்தவையும் காசு கேட்டவையும்

எனது வேலை மழை. நோர்வேயில் ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்வரில் இலங்கைக்கான மழையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் ஓடுகின்றன. அவை எழுதி வைக்கும் நெட்சிடிஎஃப் என்ற வகைத் தரவுக் கோப்புகளை நான் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி அறையில் இருந்து பார்க்கிறேன். ஒரு கோப்பு 40 கிகாபைட் வரும். அதை இங்கே இறக்கிப் பார்ப்பது நடக்காத காரியம். நிரல் அங்கேயே ஓட வேண்டும், அதன் சாளரம் மட்டும் இங்கே வர வேண்டும்.

2021 தொடக்கம் இதற்காக நான் பாவித்த மென்பொருள்கள் எட்டு, ஒன்பது வரும். சில முற்றிலும் கட்டற்றவை (மூலநிரலையும் எவரும் எடுத்து மாற்றலாம்), சில காசு கேட்காதவை ஆனால் மூலநிரல் தராதவை, இரண்டு காசுக்கு விற்பவற்றின் பரீட்சார்த்தப் பதிப்புகள். கடைசியில் எதில் நின்றேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எக்ஸ்பிரா, தூரத்து நிரலின் சாளரத்தை இங்கே கொண்டுவரும் ஒரு கட்டற்ற மென்பொருள். அதற்கு ஏன் வந்தேன் என்பதைச் சொல்வதற்குத்தான் மீதி எல்லாம். இந்த ஊரில் இருந்து தூரத்துச் சேர்வரில் வேலை செய்யும் ஆட்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலராவது நான் விட்ட பிழையை விடாமல் இருக்கட்டும்.

அந்தப் பிழை இதுதான். ஆரம்பத்தில் எல்லோரும் செய்வதைப் போல எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தூர இணைப்பில் எக்ஸ் முன்னனுப்பலை, அதாவது தூரத்து நிரலின் சாளரத்தை இங்கே வரவைக்கும் வசதியை, திறந்து வேலை செய்தேன். நெட்சிடிஎஃப் கோப்பைப் படமாகக் காட்டும் என்சிவியூ என்ற சிறிய நிரலைத் தட்டினால் சாளரம் வர 50 விநாடி எடுக்கும். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளை, இன்னும் அந்தப் படம் வரேல்லையோ?" என்று கேட்பா. லைன் வேகம் போதாது என்று நினைத்தேன். மாதாமாதம் இரண்டு மடங்குக்கு மேல் காசு கட்டி 100 எம்பிபிஎஸ் பைபர் பக்கேஜுக்கு மாறினேன். சாளரம் வர அப்போதும் 50 விநாடிதான். ஒரு விநாடி கூடக் குறையவில்லை.

மொறட்டுவையில் படிக்கும் ஒன்றுவிட்ட தம்பி ஒரு சனிக்கிழமை வந்திருந்தபோது பிங் அடித்துப் பார்த்தான். நோர்வேக்குப் போய்வர 180 மில்லிவிநாடி. "அக்கா, உங்கட லைன்ல பிழை இல்லை. தூரம்தான் பிரச்சினை. தூரத்தைக் காசு குடுத்துக் குறைக்கேலாது" என்றான். அப்புறம் இருந்து விளக்கினான்.

எக்ஸ் சாளர முறைமை 1984 இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்தது. இன்றும் நாம் பாவிக்கும் எக்ஸ்11 என்ற பதிப்பு 1987 செப்டெம்பரில் வந்தது. ஒரே வளாகத்துக்குள், ஒரே வலையமைப்புக்குள் இருக்கும் கணினிகளை மனதில் வைத்துச் செய்த வேலை. புதியவர்களைக் குழப்புவது அதில் உள்ள பெயர்கள். நமக்கு முன்னால் இருக்கும் லப்டொப்பில் ஓடுவதுதான் எக்ஸ் சேர்வர், தூரத்தில் ஓடும் நிரல் அதன் வாடிக்கையாளர். திரையும் கீபோர்டும் மவுஸும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்தான் சேர்வர் என்று பிடித்துக்கொண்டால் குழப்பம் தீரும். தூரத்து நிரல் சாளரத்தை வரையும் முன் இங்கே இருக்கும் எக்ஸ் சேர்வரிடம் பல கேள்விகள் கேட்கிறது: இந்த எழுத்துரு உண்டா, இந்த நிறம் கிடைக்குமா, இந்தப் பெயருக்கு என்ன இலக்கம். பல கேள்விகளுக்குப் பதில் வரும்வரை அடுத்த அடி வைக்காது. அப்படி 250 கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கட்டடத்துக்குள் ஒரு மில்லிவிநாடி வீதம் கால் விநாடியில் முடிந்துவிடும். நோர்வேக்கு 180 மில்லிவிநாடி வீதம் 45 விநாடி. குழாயை எவ்வளவு அகலமாக்கினாலும் தண்ணீர் வந்து சேர எடுக்கும் நேரம் அதேதான்.

சுருக்கி அனுப்பும் விருப்பத்தேர்வும் எஸ்எஸ்எச்சில் உண்டு. அதைப் போட்டால் சாளரம் திறக்கும் நேரம் மாறாது. ஆனால் என்சிவியூவில் மழைப் படங்களை அடுத்தடுத்து ஓடவிடும்போது அது உதவுகிறது. 600க்கு 400 புள்ளிப் படம் ஒன்று சுருக்காமல் வந்தால் ஏறக்குறைய ஒரு மெகாபைட். விநாடிக்குப் பத்துப் படம் என்றால் 100 எம்பிபிஎஸ் லைனில் முக்கால்வாசி அதற்கே போய்விடும். மழை வரைபடத்தில் ஒரே நிறம் பெரிய பரப்பில் கிடப்பதால் சுருக்கம் நன்றாகவே வேலை செய்கிறது.

சரி, இந்தப் பக்கத்து எக்ஸ் சேர்வர்களைப் பார்ப்போம். விண்டோஸ் பாவிப்பவருக்கு நெடுங்காலம் இருந்த கட்டற்ற வழிகள் சிக்வின் எக்ஸ், எக்ஸ்மிங், விசிஎக்ஸ்சேர்வ். எக்ஸ்மிங்கின் இலவசப் பொதுப் பதிப்பு 2007 உடன் நின்றுவிட்டது, அதற்குப் பிறகு வந்தவை நன்கொடை கொடுத்தவர்களுக்கு. எனவே இலவசமாக வேண்டுமென்றால் விசிஎக்ஸ்சேர்வ். நான் அதை இரண்டு வருடம் பாவித்தேன், நல்ல உழைப்பாளி. தொடங்கும்போது வரும் கேள்விகளில் ஒன்று மட்டும் கவனம்: அணுகல் கட்டுப்பாட்டை நீக்கவா என்று ஒரு பெட்டி இருக்கும். இணையத்தில் பல வழிகாட்டிகள் அதில் சரி போடச் சொல்கின்றன. போடாதீர்கள். போட்டால் உங்கள் எக்ஸ் சேர்வரை எட்டக்கூடிய எவரும் உங்கள் திரையில் சாளரம் திறக்கலாம், நீங்கள் தட்டும் எழுத்தை எல்லாம் வாசிக்கலாம். பம்பலப்பிட்டியில் ஒரு கோப்பிக் கடை வைஃபையில் இருந்து வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் இது வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டு நித்திரைக்குப் போவது மாதிரி. எஸ்எஸ்எச் வழியாக வந்தால் அந்தப் பெட்டிக்குத் தேவையே இல்லை.

மோபாஎக்ஸ்டேர்ம் பிரான்சில் செய்வது. எக்ஸ் சேர்வரும் எஸ்எஸ்எச்சும் கோப்புப் பரிமாற்றமும் ஒரே பொதியில் வந்துவிடும். அதன் வீட்டுப் பதிப்புக்குக் காசு இல்லை, ஆனால் 12 அமர்வுக்கு மேல் சேமிக்க விடாது, சுரங்க இணைப்பும் (எஸ்எஸ்எச்சுக்குள்ளால் வேறு இணைப்பைக் கொண்டுபோவது) இரண்டுதான். இதுவரை லினக்ஸ் கட்டளையே தட்டாத ஒருவருக்கு நான் முதலில் நிறுவிக் கொடுப்பது இதைத்தான். பத்து நிமிடத்தில் சாளரம் வந்துவிடும், ஆளும் பயப்படாது.

விண்டோஸ் 11 இருந்தால் இவை ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும் நிலை இப்போது வந்திருக்கிறது. அதற்குள் இருக்கும் லினக்ஸ் துணைமுறைமையிலேயே திரை வசதி சேர்ந்து வருகிறது, அங்கிருந்து எஸ்எஸ்எச் அடித்தால் தூரத்துச் சாளரம் நேரே வந்துவிடும். மக் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்குவாட்ஸ், அதுவும் இலவசம், அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

20 நிமிடப் பிரச்சினை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும், நான் அதில் ஒரு கிழமை தொலைத்திருக்கிறேன். எஸ்எஸ்எச்சில் முன்னனுப்பலுக்கு இரண்டு வகை உண்டு: கட்டளையில் பெரிய எழுத்து எக்ஸ் (-X) போட்டால் நம்பாத இணைப்பு, பெரிய எழுத்து வை (-Y) போட்டால் நம்பிய இணைப்பு. நம்பாத இணைப்பில் 20 நிமிடம் கழிந்தபின் புதிய சாளரம் திறக்க மறுத்துவிடும். ஏற்கெனவே திறந்தது கிடக்கும், புதியது வராது. சேர்வர் பழுது என்று நினைத்து நிர்வாகிக்கு மூன்று மின்னஞ்சல் போட்டேன். பழுது எதுவும் இல்லை, அது இயல்பான கால எல்லை. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் இரண்டும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும்படி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் அவற்றைப் பாவிப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. நம்பிய இணைப்பைப் போடும்போது அந்தச் சேர்வரை உண்மையில் நம்புகிறீர்களா என்று யோசித்துப் போடுங்கள். அங்கே இருப்பவர் நினைத்தால் உங்கள் கீபோர்டைக் கேட்கலாம்.

இனிக் காசுக்கு விற்பவை. நான் எக்ஸை முதன்முதலாகக் கண்டதே எக்ஸீட் வழியாகத்தான், 2014 இல், கோட்டையில் ஒரு பொறியியல் அலுவலகத்தில். கனடாவின் ஹம்மிங்பேர்ட் நிறுவனம் செய்தது, 2006 இல் ஓபன்டெக்ஸ்ட் அதை வாங்கியது. அந்தக் காலத்தில் விண்டோஸில் எக்ஸ் என்றால் அலுவலகங்களில் பலருக்கு எக்ஸீட்தான். எழுத்துரு, கீபோர்ட் அமைப்பு, சாளரங்கள் விண்டோஸோடு ஒட்டி நிற்கும் விதம் எல்லாம் வடிவாக இருந்தன. இன்னொரு பழைய பெயர் ரிஃப்ளெக்ஷன் எக்ஸ். பல கை மாறி, 2023 இல் மைக்ரோ ஃபோக்கஸை ஓபன்டெக்ஸ்ட் வாங்கியபோது அதுவும் அதே கூரைக்குக் கீழ் வந்துவிட்டது. இவற்றைத் தவிர எக்ஸ்வின்32, எக்ஸ்மனேஜர் என்றும் விற்கிறார்கள்.

2022 பெப்ரவரியில், தனியாக வேலை செய்யும் எனக்கு ஒரு வணிக மென்பொருள் வாங்கலாம் என்று முடிவெடுத்தேன். எந்த மென்பொருள், எந்த முகவர் என்று சொல்லப் போவதில்லை. விலை கேட்டு எழுதினேன். பதில் வர இரண்டு கிழமை. வந்த பதிலில் குறைந்தது ஐந்து பேருக்கான உரிமம் எடுக்க வேண்டும், விலை டொலரில், வருடாந்தப் பராமரிப்பு வேறு. "எனக்கு ஒன்றுதான் வேண்டும், நான் தனி ஆள்" என்று தொலைபேசியில் சொன்னேன். "மிஸ், அப்படி விற்க எங்களுக்கு அனுமதி இல்லை" என்றார். அவர் பண்பாகத்தான் கதைத்தார். மார்ச்சில் ரூபாய் சரிந்தது. 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதம் 360 வரை போனது. பெப்ரவரியில் யோசித்த அதே விலை ரூபாயில் முக்கால் மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அதோடு அந்த யோசனை முடிந்தது.

ஆனால் காசைவிடப் பெரிய பாடத்தை அந்த மார்ச்தான் தந்தது. மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. லப்டொப்பில் பற்றரி இருக்கும், ரவுட்டர் அணைந்துவிடும். சாதாரண எக்ஸ் முன்னனுப்பலில் இணைப்பு அறுந்தால் தூரத்தில் ஓடும் நிரலும் செத்துவிடும். திரை இல்லாமல் அதற்கு வாழத் தெரியாது. அரை நாளாக அமைத்த நிறச் சட்டம் (எந்த நிறம் எவ்வளவு மழை என்று காட்டும் அளவுகோல்), தேர்ந்தெடுத்த ஆற்றுப்படுகை, பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்த களனி கங்கையின் மேற்பகுதி எல்லாம் போய்விடும். காசுக்கு வாங்கிய எக்ஸ் சேர்வராக இருந்தாலும், சாதாரணமாக இணைத்திருந்தால் இதேதான். எனக்கு வேண்டியது நல்ல எக்ஸ் சேர்வர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போய் வந்த பிறகும் விட்ட இடத்திலேயே இருக்கும் சாளரம்தான் வேண்டியது என்று அப்போது விளங்கியது.

எக்ஸ்பிராவும், அதைப் போன்ற எக்ஸ்2கோவும், தூரத்தால் வரும் தாமதம், லைன் அறுந்தால் நிரல் சாவது என்ற இந்த இரண்டு நோயையும் ஒன்றாகத் தீர்க்கின்றன. வழி எளிமையானது. எக்ஸ் சேர்வர் ஒன்றை நோர்வேயிலேயே, நிரலுக்குப் பக்கத்திலேயே ஓட விடுகிறார்கள். 250 கேள்விக்கும் பதில் அங்கேயே, அந்த இயந்திரத்துக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. வரைந்து முடிந்த படம்தான் கடல் தாண்டி வருகிறது. லைன் அறுந்தால் அறுந்தது இங்குள்ள காட்சி மட்டும், நிரல் அங்கே தன் பாட்டில் இருக்கும். என்சிவியூ எனக்கு எக்ஸ்பிராவில் மூன்று, நான்கு விநாடியில் திறக்கிறது. அம்மா இப்போது அந்தக் கேள்வி கேட்பதில்லை.

இரண்டுக்கும் குணம் வேறு. எக்ஸ்2கோ, எக்ஸ் போக்குவரத்தைத் தூர இணைப்புக்காகச் சுருக்கும் என்எக்ஸ் என்ற தொழில்நுட்பத்தின் பழைய நூலகங்களின் மேல் கட்டியது. முழு மேசைப்பரப்பு வேண்டுமென்றால் அதுதான் எனக்குப் பிடிக்கும், முக்கியமாக எக்ஸ்எஃப்சிஇ அல்லது மாட்டே என்ற இலகுவான மேசைப்பரப்புகள் போட்ட சேர்வரில். குனோம் என்ற கனமான மேசைப்பரப்பின் புதிய பதிப்பை அதில் ஓட்டப் பார்த்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், அதற்கு அது செய்யப்படவில்லை. இணைப்பின் வகையைக் கேட்கும் இடத்தில் மிக மெதுவான மோடம் முதல் ஒரே கட்டடத்து வேகமான லான் வரை ஐந்து படி இருக்கும். பைபர் இருக்கிறதே என்று லான் போடுவது இயல்பு. இடையில் உள்ள வான் அல்லது ஏடிஎஸ்எல் போட்டுப் பாருங்கள், இங்கிருந்து ஐரோப்பாவுக்கு அதுதான் நன்றாக ஓடுகிறது.

எக்ஸ்பிரா தனித்தனிச் சாளரத்தைக் கொண்டுவரும். என்சிவியூ ஒரு சாளரம், கிராட்ஸ் என்ற வானிலை வரைபட நிரல் ஒரு சாளரம், என் சொந்த உலாவிக்குப் பக்கத்தில் வீட்டு நிரல் போலவே நிற்கும். படத்தை அது இழப்போடு சுருக்கி அனுப்பிவிட்டு, அசைவு நின்றதும் தெளிவான படத்தை மறுபடி அனுப்புகிறது. மழைக்காரர்களுக்கு இந்த இடம் மிகவும் முக்கியம். என் வேலையில் நிறம்தான் எண். வரைபடத்தில் ஒரு சதுரம் இந்த மஞ்சளா அடுத்த மஞ்சளா என்பதில் 20 மில்லிமீற்றர் மழை இருக்கிறது. அசைந்துகொண்டிருக்கும் படத்தில் நிறத்தை வாசிக்காதீர்கள், ஒரு விநாடி பொறுத்து வாசியுங்கள். அல்லது குறைந்தபட்சத் தரத்தை அமைப்பில் உயர்த்தி வையுங்கள். நான் உயர்த்தி வைத்திருக்கிறேன், கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை. சாதாரண எக்ஸ் முன்னனுப்பல் ஒவ்வொரு புள்ளியையும் அப்படியே அனுப்பும், அந்த ஒரு விடயத்தில் அதற்கு நிகர் இல்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல் நாடு முழுவதும் கரண்ட் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். நான் அப்போது மேல்மாகாணத்தின் ஒரு மழை நிகழ்வை மணித்தியாலம் மணித்தியாலமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை உறைந்தது. லப்டொப்பை மூடிவிட்டு அம்மாவோடு மொட்டை மாடிக்குப் போய் இருந்தேன். பின்னேரம் ரவுட்டர் விளக்கு எரிந்த பிறகு எக்ஸ்பிராவை மறுபடி இணைத்தேன். அதே மணித்தியாலம், அதே பெருக்கம், அதே நிறச் சட்டம். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் மிகையில்லை. 2022 இல் எத்தனை தடவை அந்த வேலையை முதலில் இருந்து செய்திருப்பேன்!

தூரத்துத் திரையைக் கொண்டுவரும் இன்னொரு மென்பொருளான நோமெஷினைப் பற்றிக் கேட்பார்கள். என்எக்ஸ் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான், எக்ஸ்2கோ நிற்பதும் அவர்கள் ஒருகாலத்தில் கட்டற்றதாக வெளியிட்ட நூலகங்களின் மேல்தான். நான்காம் பதிப்பில் இருந்து மூலநிரல் மூடப்பட்டது. இலவசப் பதிப்பு வேகமானது, வீடியோ ஓடும் திரைக்கு நான் பார்த்தவற்றில் மிக வழுவழுப்பானது. ஆனால் அது இயந்திரத்தின் ஒரே மேசைப்பரப்பைப் பகிர்வதற்கு. ஒரு சேர்வரில் பலர், ஒவ்வொருவருக்கும் தனி மேசைப்பரப்பு என்றால் காசு கட்டும் பதிப்புக்குப் போக வேண்டும். இலவசம் என்பதும் கட்டற்றது என்பதும் இரண்டு வேறு சொற்கள் என்பதை இதில் வடிவாகக் காணலாம். வீட்டுக் கணினியை அலுவலகத்தில் இருந்து பார்க்க நோமெஷினின் இலவசப் பதிப்பைத் தயங்காமல் சொல்வேன். இருபது பேர் ஏறும் பல்கலைக்கழகச் சேர்வருக்குச் சொல்ல மாட்டேன்.

முப்பரிமாணப் படம் வேறு உலகம். பாராவியூ போன்றவற்றை எக்ஸ் முன்னனுப்பலில் ஓட்டினால் தாங்காது. அங்குள்ள கிராபிக்ஸ் அட்டையிலேயே வரைந்து படமாக அனுப்பும் வெர்ச்சுவல்ஜிஎல்லும் டர்போவிஎன்சியும் கட்டற்றவை, நல்லவை, ஆனால் நிர்வாகி கை வைத்து அமைக்க வேண்டும். பெரிய வடிவமைப்பு அலுவலகங்களுக்கு எக்ஸீட் டர்போஎக்ஸ் போன்றவற்றை வாங்குவதில் நான் நியாயம் காண்கிறேன். நூறு பொறியியலாளர், சேர்வர் இந்தியாவில், திரை கொழும்பில், ஒரு மணித்தியாலம் நின்றால் திட்டமே பின்தங்கும் என்றால், இரவு இரண்டு மணிக்கும் அழைத்துக் கேட்க ஓர் இலக்கம் இருப்பதற்குக் காசு கொடுப்பது சரியானதே. அவர்கள் வாங்குவது அந்த இலக்கத்தை. தனியாக வேலை செய்யும் என் போன்றவருக்கு அந்தத் தேவை இல்லை. அதில் மிச்சம் பிடித்த காசில் ஒரு சின்னப் பங்கு எக்ஸ்2கோ திட்டத்துக்கு அனுப்பினேன், இன்னொரு பங்கில் ரவுட்டருக்கு ஒரு சிறிய யுபிஎஸ், யுனிட்டி பிளாசாவில் வாங்கினேன். 100 எம்பிபிஎஸ் பக்கேஜை மறுபடி குறைத்துவிட்டேன்.

ஒரே ஒரு தடை: எக்ஸ்பிராவும் எக்ஸ்2கோவும் சேர்வர் பக்கத்திலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும், அது உங்கள் கையில் இல்லை. நிர்வாகிக்கு எழுதும்போது "மெதுவாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் லைனை மாற்றச் சொல்வார்கள். பிங் நேரத்தை எழுதுங்கள். நிரல் திறக்க எடுத்த விநாடியை எழுதுங்கள். அதே நிரல் அவர்கள் கட்டடத்தில் எத்தனை விநாடியில் திறக்கிறது என்று ஒருதரம் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்பிராவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், சேர்வரில் எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்று பார்த்து அதற்கான பொதியையும் குறிப்பிடுங்கள். நான் அப்படி எழுதியது ஒரு திங்கள் காலை. வியாழன் மாலை நிறுவியிருந்தார்கள்.